நூதனசாலையும் நினைவும்: இரத்மலானை விமானப்படைக் காட்சிக்கூடம் பற்றிய ஒரு மலையக நோக்கு

விமர்சனம் என்றதும் நூலொன்றையோ நாடகமொன்றையோ மனத்திற் கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் ஈழத்துத் தமிழ் விமர்சனத்திற் சமூகவியல் நோக்கினை வேரூன்றச் செய்த காலந்தொட்டு, ஓர் ஆக்கத்தை யார், யாருக்காக, எச்சூழ்நிலையிற் படைத்தனர் என்று வினவும் பழக்கம் நமக்கு உண்டு. ஆயினும் அவ்வினாக்களை அச்சேறிய எழுத்துக்கு அப்பாற் கொண்டு செல்வோர் குறைவு. நினைவுச்சின்னம், கண்காட்சி, நூதனசாலை ஆகியனவும் ஆக்கங்களே. அவற்றுக்கும் ஆக்கியோர் உளர், தெரிவு உண்டு, அடுக்குமுறை உண்டு, சொல்லாது விடப்பட்டவையும் உண்டு. வாசிக்கும் வழக்கமில்லாத ஒருவர் வரலாற்று நூலைத் தொடாமலே வாழ்ந்துவிடலாம். ஆனாற் பாடசாலைச் சுற்றுலாவிற் கண்ட நூதனசாலை வாழ்நாள் முழுவதும் அவர் மனத்தில் நிற்கும். ஆதலால் நூலிலும் பார்க்க நூதனசாலை கூடிய கவனத்துடன் வாசிக்கப்படல் வேண்டும்.

கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் அமைந்துள்ள இலங்கை விமானப்படை நூதனசாலையை அவ்வாறு வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வாசிப்பவர் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவர் என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. நோக்குபவரின் நிலையும் நோக்கின் ஒரு பகுதியாகும். நிலையற்ற நோக்கு என ஒன்று இல்லை.

தெரிவும் அடுக்குமுறையும்

1993 இல் விமானங்களைப் பாதுகாத்துக் களஞ்சியப்படுத்தும் பிரிவாகத் தொடங்கிய இந்நிறுவனம், 2009 நவம்பர் 5 ஆந் திகதி நூதனசாலையாக மீளத் திறக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் முடிவுற்றது அவ்வாண்டு மே மாதத்தில் ஆகும். திறந்தோரின் உள்நோக்கத்தை ஆராய்வது நமது வேலையன்று. எனினும் போர் முடிந்து ஆறு மாதங்களுள் அதன் கருவிகள் காட்சிப்பொருள்களாயின என்ற கால அணிமையை வாசகர் மறத்தலாகாது.

1951 மார்ச் 2 இல் றோயல் இலங்கை விமானப்படை என்ற பெயரில் அமைக்கப்பட்டு, 1972 இல் நாடு குடியரசானபோது பெயர் மாறிய படையின் வளர்ச்சி இங்கு விமானங்கள் வாயிலாகச் சொல்லப்படுகின்றது. தொடக்ககாலப் பயிற்சிக்குரிய சிப்மங்க், அதன் பின் வந்த ஜெட் புறொவொஸ்ட், சோவியத் நாட்டிலிருந்து 1971 இற் கிடைத்த மிக்-17 என்று பொருள்கள் ஒன்றையொன்று தொடர்கின்றன. கூடங்களின் உள்ளேயும் வெளியே திறந்த வெளியிலும் அவை நிற்கின்றன.

இந்நூதனசாலையின் சிறப்பினை மறைத்தல் நேர்மையாகாது. பழைய விமானமொன்றைத் துருவிலிருந்து மீட்டு நிறுத்துவது எளிய செயலன்று. பெயரறியாத் தொழில்நுட்பவியலாளர் பலரின் கைத்திறன் அங்கு தெரிகின்றது. பொருளை அழியவிடாது பேணல் வேண்டும் என்ற எண்ணமே நமது சமூகத்தில் அருகியுள்ள ஒன்று. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்து, 1921 இற் சட்டப்படி ஒழிக்கப்படும்வரை தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்த 'துண்டு', அதிகாலையிற் பெரட்டுக்கு அழைத்த தப்பு, நிராகரிக்கப்பட்ட பிரசாவுரிமை விண்ணப்பம் ஆகியவற்றுள் எத்தனையை நாம் பேணி வைத்துள்ளோம்? விமானப்படை தன் நினைவைப் பேணியதிற் குறையில்லை. அந்த நினைவு எவ்வாறு வாக்கியமாக்கப்பட்டுள்ளது என்பதே நமது வினா.

செயப்படுபொருள் இல்லாத வாக்கியம்

இராணுவ விமான நூதனசாலை உலகெங்கும் ஓர் இலக்கணத்தைப் பின்பற்றுகின்றது. இயந்திரத்தின் வலு, இறக்கையின் அகலம், பறக்கும் வேகம், சேவைக்கு வந்த ஆண்டு, நீங்கிய ஆண்டு ஆகியன கூறப்படும். அவ்வாக்கியத்தில் எழுவாய் விமானம்; பயனிலை பறத்தல். குண்டு வீசுதல் என்பது செயப்படுபொருள் குன்றாவினை. ஆயினும் இவ்வகைக் கூடங்களில் அது செயப்படுபொருள் இன்றியே வழங்கப்படுகின்றது. கீழே நிலம் இருந்தது, நிலத்தில் மனிதர் இருந்தனர் என்பது வாக்கியத்தினின்றும் விழுந்துவிடுகின்றது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய குறையன்று. ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசிய எனோலா கே விமானத்தை, வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான்வெளி நூதனசாலை 1995 இற் காட்சிக்கு வைக்க முயன்றது. நிலத்தில் மாண்டோரையும் காட்டுவதாக முதலில் திட்டமிடப்பட்டது. முன்னாட் படைவீரர் அமைப்புக்களும் அரசியலாளரும் எதிர்த்தமையால் அத்திட்டம் கைவிடப்பட்டது. நூதனசாலையின் பணிப்பாளர் பதவி விலகினார். விமானத்தின் உடற்பகுதி மிகச் சுருக்கமான விளக்கத்துடன் காட்டப்பட்டது. விமானத்தைக் காட்டலாம், விமானத்துக்குக் கீழே இருந்ததைக் காட்டலாகாது என்பதே அங்கு வென்ற கொள்கை.

அதே 1995 ஆம் ஆண்டு ஜூலை 9 இல், யாழ்ப்பாணத்து நவாலியில் சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட பலர் மாண்டனர். இந்நிகழ்ச்சியை அறிந்த ஒருவர் எந்த இராணுவ விமானத்தின் முன் நின்றாலும், வாக்கியத்தில் விடுபட்ட செயப்படுபொருளைத் தாமே நிரப்பிக்கொள்வார். அறியாத ஒருவருக்கு விமானம் அழகிய பொருளாகவே நின்றுவிடும்.

இவ்விடத்தில் மற்றொன்றையும் கூறாதுவிடின் நமது வாசிப்பும் பக்கச்சார்புடையதாகும். 1998 செப்ரெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இதே இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் பயணிகள் விமானம் மன்னாருக்கு அப்பாற் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பயணிகளுட் பெரும்பாலோர் தமிழர். விடுதலைப் புலிகளே அதனைச் சுட்டு வீழ்த்தினர் என்று கொள்ளப்படுகின்றது. இரத்மலானை ஓடுபாதையின் வரலாற்றில் வந்து இறங்காத அவ்விமானத்துக்கும் இடம் உண்டு. செயப்படுபொருளை மறைத்தல் ஒரு தரப்பின் வழக்கம் மட்டுமன்று.

விமானமும் தேயிலையும்

ஊவாவின் தோட்டங்களுக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்கலாம். இரத்மலானை ஓடுபாதையில் முதல் விமானம் 1935 நவம்பர் 27 இல் தரையிறங்கியது. அதனைச் செலுத்தி வந்தவர் சென்னை விமானக் கழகத்தைச் சேர்ந்தவர். அதே ஆண்டில், அதே சென்னை மாகாணத்திலிருந்து, மண்டபம் முகாமிற் சோதனைக்குள்ளாகித் தலைமன்னார்க் கப்பலேறித் தொழிலாளரும் வந்துகொண்டிருந்தனர். 1939 ஓகஸ்ற் மாதத்தில் இந்திய அரசு தடைசெய்யும்வரை அந்த வருகை தொடர்ந்தது. ஒரே கரையிலிருந்து இத்தீவுக்கு இரு வழிகள் இருந்தன. வானவழியாக வந்தவரின் திகதி வரலாற்றிற் பதிந்துள்ளது. கடல்வழியாக வந்தோர் தோட்டப் பதிவேடுகளில் எண்ணிக்கையாக எஞ்சினர்.

தொடர்பு இதனினும் ஆழமானது. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் மலாயா ஜப்பானியர் வசமானபின், நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரிற் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே சென்றது. மரத்தின் ஆயுளைக் கருதாது, கிடைக்கும் பால் முழுவதையும் வெட்டி எடுக்கும் முறை அப்பொழுது கையாளப்பட்டது. விமானச் சில்லுக்கு இறப்பர் இன்றியமையாதது. மொனராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் அதிகாலையிற் பால்வெட்டச் சென்ற கைகளும் அவ்விமானங்களை ஓடுபாதையினின்றும் எழச்செய்த கைகளே.

அடுத்து, 1951 இல் விமானப்படை அமைந்த காலத்தை நோக்குவோம். 1950களிலும் 1960களிலும் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ அரைவாசியும், சில ஆண்டுகளில் அதற்கு மேலும், தேயிலையாற் கிடைத்தது. பிறநாட்டு விமானத்தைப் பிறநாட்டுப் பணங்கொடுத்தே வாங்கவேண்டும். பிறநாட்டுப் பணத்தைத் தந்தது கொழுந்து. அக்கொழுந்தைக் கிள்ளியோரோ 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர்; அதனைத் தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்தனர். 1947 இல் ஏழு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றனர். இவ்விரு தேர்தல்களுக்கும் இடையிலேயே இந்நாட்டுக்கு விமானப்படை வாய்த்தது. நாட்டைக் காக்கும் விமானத்துக்கு விலைகொடுத்தோரிற் பெருந்தொகையினர் அந்நாட்டின் பிரசைகளாக இருக்கவில்லை என்பது நமது வரலாற்றின் முரண்பாடுகளுள் ஒன்று. 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் பதுளையிலிருந்து புகைவண்டியேறித் தலைமன்னார் சென்று கப்பலேறினர். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

விமானப்படை நூதனசாலையில் இவற்றையெல்லாம் எதிர்பார்ப்பது பொருத்தமா என்ற மறுப்பு எழலாம். அது நியாயமான மறுப்பே. எந்த நூதனசாலையும் எல்லாவற்றையும் சொல்லிவிட இயலாது. ஆயினும் ஒரு பொருளின் வரலாறு அப்பொருளின் எல்லையோடு முடிவதில்லை. விமானம் ஒரு சமூக உற்பத்தி. அதன் விலையும், விலைகொடுத்த உழைப்பும் அதன் வரலாற்றின் பகுதிகளே. நூதனசாலை சொல்லாததை வாசகர் அறிந்து சேர்த்து வாசித்தல் வேண்டும் என்பதே நமது வாதம்.

இரு ஏப்ரல் ஐந்துகள்

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. முதல் நாள் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா விமானமொன்று எதிரிக் கப்பற்படையைக் கண்டு செய்தியனுப்பியதும், அதன் கனேடிய விமானி லெனாட் பேர்ச்சோல் சிறைப்பட்டதும் பலமுறை எடுத்துரைக்கப்பட்ட கதைகள். இலங்கையின் விமான வரலாற்றில் இது வீர நாள்.

1971 ஏப்ரல் 5, திங்கட்கிழமை. ஊவாவிலுள்ள வெல்லவாயப் பொலிஸ் நிலையம் அதிகாலையிற் தாக்கப்பட, மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி தொடங்கிற்று. களஞ்சியப்படுத்தப்பட்டிருந்த ஜெட் புறொவொஸ்ட் விமானங்கள் சில நாட்களுள் மீண்டும் பறக்கச் செய்யப்பட்டுக் கிளர்ச்சியாளருக்கு எதிராகப் பயன்பட்டன. முதலாவது ஏப்ரலில் விமானம் எதிர்கொண்டது அந்நியப் படையை. இரண்டாவது ஏப்ரலில் அது எதிர்கொண்டது இந்நாட்டுக் கிராமத்து இளைஞரை. இவ்விரண்டையும் ஒரே வரிசையில், ஒரே வீரச்சுவையிற் சொல்ல முடியுமா? மக்கள் விடுதலை முன்னணி தன் உறுப்பினருக்கு நடத்திய ஐந்து வகுப்புக்களில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்பதாகும். தோட்டத் தொழிலாளர் அதிற் சந்தேகத்துக்குரியோராகவே காணப்பட்டனர். ஆகவே அரசின் வானத்திலும் கிளர்ச்சியாளரின் நிலத்திலும் மலையகத் தமிழருக்கு இடம் இருக்கவில்லை.

இங்கு மற்றொரு பாடமும் உண்டு. களஞ்சியத்திற் கிடந்த விமானம் நாட்கணக்கில் மீண்டும் போர்க்கருவியாயிற்று. நூதனசாலையில் நிற்பது முடிந்துபோன காலம் என்ற நம்பிக்கையை ஜெட் புறொவொஸ்டின் வரலாறே ஐயுறச் செய்கின்றது.

மழையின் வாசிப்பு

இக்கட்டுரையாளர் இரத்மலானைக்குச் சென்றது ஒரு மழைநாளில். நூதனசாலை ஒரு ஒழுங்கு. அங்கு பொருள் அசையாது, ஒளி திட்டமிடப்பட்டது, நடக்கும் பாதை வகுக்கப்பட்டது. மழை அவ்வொழுங்கைக் கலைத்துவிட்டது. வெளியில் நின்ற விமானங்களின் இறக்கைகளிலிருந்து நீர் வடிந்தது. கூடத்தினுட் கூரையில் விழுந்த மழையின் இரைச்சலிற் பேச்சுக் கேட்கவில்லை. வந்திருந்த பாடசாலைப் பிள்ளைகள் விமானங்களை விட்டுவிட்டு வாசலில் நின்று மழையைப் பார்த்தனர்.

கூரை அதிரும் மழை தோட்டத்தவருக்குப் பழகிய ஓசை. லயத்துத் தகரத்தின் கீழ் அது உறக்கத்துக்குரிய ஓசையன்று. மலைச்சரிவை நினைந்து விழித்திருக்கும் ஓசை. 2014 ஒக்ரோபர் 29 காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்றிடம் இருக்கவில்லை. ஒரு விமானத்தை மழையினின்றும் காக்க வேண்டும் என்று உணர்ந்த நாட்டில், லயத்து மனிதரை மழையினின்றும் காக்க ஒன்பது ஆண்டுகள் போதவில்லை. இது விமானப்படையின் குற்றமன்று. ஆனால் எதனைப் பேணுதற்கு உரியதாக ஒரு சமூகம் கருதுகின்றது என்பதை நூதனசாலையும் லயமும் சேர்ந்தே காட்டுகின்றன.

ஒரே ஓசை, இரு பொருள்

மழையே நமது வாசிப்பை மற்றொரு திசைக்கும் இட்டுச்செல்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது, மிகக் கொடிய இழப்புக்குள்ளான மாவட்டங்களுட் பதுளையும் ஒன்று. விமானப்படையின் உலங்குவானூர்திகள் மீட்புப் பணியிலும் நிவாரணப் பணியிலும் ஈடுபட்டன. நவம்பர் 30 இல் அவ்வாறு பணியாற்றிய பெல்-212 ஒன்று லுணுவில அருகே வீழ்ந்து அதன் விமானி உயிரிழந்தார்.

பெல்-212 என்பது 1980களில் வடக்கின் வானில் துப்பாக்கி பூட்டிப் பறந்த வகையும் ஆகும். அதன் ஓசை கேட்டதும் யாழ்ப்பாணத்தார் பதுங்குகுழி தேடினர். பாதை துண்டிக்கப்பட்ட மலைத்தோட்டத்திலோ அதே ஓசை கேட்டதும் மக்கள் வெளியே வந்து கையசைப்பர். இவ்விரண்டும் இரு வேறு மக்களின் அனுபவங்கள் என்று பிரித்துவிடவும் முடியாது. 1977 இலும் 1983 இலும் வன்செயலால் தோட்டங்களைவிட்டு வெளியேறி வன்னியிற் குடியேறிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களின் உறவினர் இன்றும் பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் வாழ்கின்றனர். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு அச்சமாகவும் மற்றவருக்கு அடைக்கலமாகவும் ஒரே இயந்திரம் ஒலித்துள்ளது.

விமானத்தை வெறுத்தொதுக்கும் விமர்சனம் இரண்டாவது அனுபவத்தைக் காணாது. விமானத்தைப் போற்றும் நூதனசாலை முதலாவதைக் காணாது. இரண்டையும் ஒருங்கே தாங்கும் பெயர்ப்பலகை எழுதப்படும்வரை எந்த விமான நூதனசாலையும் தேசியத் தன்மை பெறாது. தேசியம் என்பது ஒரே நினைவை எல்லோருக்கும் வழங்குதலன்று. வேறுபட்ட நினைவுகள் ஒரே கூரையின் கீழ் நிற்க இடமளித்தல் ஆகும்.

நமது கடன்

விமர்சனம் பிறரைக் குறைகூறுவதோடு நின்றுவிடலாகாது. கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக மாற்றியுள்ளனர். அம்முயற்சி பெரிதும் போற்றத்தக்கது. ஆயினும் அங்கும் ஒரு சிக்கல் உண்டு. நூதனசாலை பொதுவாக முடிந்துபோனதன் வீடு. லயமோ முடிந்துபோகவில்லை. காட்சிப்பொருளாகிய லயத்தைப் பார்த்துவிட்டு, வாழுமிடமாகிய லயத்துக்குத் திரும்பும் பார்வையாளர் இன்றும் உளர். தேயிலை நூதனசாலையொன்று ஹந்தானையிலும் உண்டு. அங்கு முதன்மை பெறுவது இயந்திரம். விமானத்தின் கதையைப் போலவே தேயிலையின் கதையும் இயந்திரத்தின் கதையாகச் சொல்லப்படத்தக்கது என்பதை அது உணர்த்துகின்றது.

எனவே பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. 1942 இல் விமானச் சத்தங்கேட்டு மலைக்கு ஓடிவந்தோரைப் பற்றியும், பால்வெட்டியோரைப் பற்றியும், கப்பலேற்றப்பட்டோரைப் பற்றியும், மீரியபெத்தையைப் பற்றியும் தோட்டத்து முதியோர் கூறுவனவற்றை எழுதி, ஒலிப்பதிவு செய்து, திகதியிட்டுச் சேர்த்தல் வேண்டும். விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரின் கூற்றையேனும் பதிவு செய்தால், சில ஆண்டுகளில் நமது துறை நூலகத்தில் ஒரு தொகுதி உருவாகும். அத்தொகுதி இல்லாதவரை, பிறர் நூதனசாலைகளில் நமது இடம் எங்கே என்று வினவும் உரிமை நமக்கு இருந்தாலும், அங்கு வைப்பதற்கு நம் கையில் எதுவும் இராது.